டீகாஸ்: ஒரு மானிட்டர் பட்டனின் போர்க்காலக் கதை

மாமாவின் டிடிபி கடைப் பரணில் 17 இன்ச் பழைய சிஆர்டி மானிட்டர் ஒன்று கிடந்தது. எடைக்குப் போட இறக்கியபோது, சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று மாட்டினேன். படம் வந்தது. ஆனால் வெள்ளைத் திரையின் இடது ஓரம் முழுக்கப் பச்சை, மேல் மூலையில் ஊதா. "டியூப் போயிடுச்சுடா மாப்ளே, மெக்கானிக் அப்பவே சொல்லிட்டார்" என்றார் மாமா.

மெனுவைக் குடைந்தபோது பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் தாண்டி, கடைசியில் லாட காந்தப் படத்தோடு ஒரு வார்த்தை: டீகாஸ். அழுத்தினேன். 'டொய்ங்ங்' என்று ஒரு சத்தம், திரை கிடுகிடுவென ஆடி நின்றது. பச்சை பாதிக்குப் பாதி காணோம்!

காஸ் என்றால் சமையல் காஸ் இல்லைங்க. கார்ல் ஃபிரெடரிக் காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை (1777-1855). பூமியின் காந்தப்புலத்தை முறையாக அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர். அதனால் காந்தப்புலத்தின் ஓர் அலகுக்கு அவர் பெயர். ஆனால் 'டீகாஸ்' என்ற சொல் பிறந்தது கம்ப்யூட்டருக்காக அல்ல. கப்பலுக்காக.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே பிரிட்டன் கரையோரம் கப்பல்கள் எதிலும் மோதாமலேயே வெடித்து மூழ்க ஆரம்பித்தன. காரணம், கடலடியில் சத்தமில்லாமல் படுத்திருந்த ஜெர்மன் காந்தக் கண்ணிவெடிகள். இரும்புக் கப்பல் என்பது பூமியின் காந்தப்புலத்தில் கிடந்து கிடந்து தானே ஒரு பெரிய காந்தமாகிவிடுகிறது. அது மேலே கடந்து போனால் வெடிக்குள் இருக்கும் ஊசி அசையும், சுற்று இணையும், அவ்வளவுதான்.

வெடியைக் கழற்றிப் பார்த்தால்தானே மாற்று கண்டுபிடிக்க முடியும்? 1939 நவம்பரில் விமானம் போட்ட ஒரு வெடி, தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷூபரினஸ் என்ற இடத்துச் சேற்றில் விழுந்தது. அலை வடிந்ததும் வெளியே தெரிந்தது. நவம்பர் 23 அன்று ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி, பால்ட்வின் என்ற துணையோடு அதைக் கழற்றினார். இரும்புக் கருவி பக்கத்தில் போனாலே ஆபத்து என்பதால் பித்தளைக் கருவிகள். வேறு இருவர் தள்ளி நின்று ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொண்டார்கள். வெடித்தால் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக மனசு வரவில்லை. நல்லவேளை, வெடிக்கவில்லை.

மாற்று இதுதான்: கப்பலைச் சுற்றிக் கேபிள் கட்டி மின்சாரம் செலுத்தினால், கப்பலின் காந்தத்துக்கு எதிரான காந்தம் உண்டாகும். கடற்படையில் இருந்த சார்லஸ் குட்ஈவ் என்ற வேதியியல் அறிஞர் இதற்கு 'டீகாஸிங்' என்று பெயர் வைத்தார். எல்லாக் கப்பலுக்கும் கேபிள் கட்ட நேரமோ பணமோ இல்லை. ஆகவே சுமார் 2000 ஆம்பியர் பாயும் கேபிளைக் கப்பலின் பக்கவாட்டில் இழுத்துத் 'துடைக்கும்' மலிவான முறையும் வந்தது. (காமர்ஸ்காரனுக்குப் பிடித்த பகுதி இதுதான்.) 1940 மே, ஜூனில் டன்கர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்டபோது, போன கப்பல்களில் நிறைய இப்படித் துடைக்கப்பட்டவை.

சரி, இது எப்படி மானிட்டருக்குள் வந்தது?

கருப்பு வெள்ளை டிவியில் இந்தத் தொல்லை கிடையாது. 1950-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வண்ணப் படக்குழாயைக் காட்டியது. அதில் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், லட்சக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் அந்தத் துளை வழியாகத் தத்தம் புள்ளியில் மட்டும் விழ வேண்டும். தகடு காந்தமேறினால் கற்றை நூலளவு விலகிப் பக்கத்துப் புள்ளியில் விழும். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை! ஆரம்பத்தில் டிவி மாட்ட வந்தவரே ஒரு கம்பிச்சுருள் வளையத்தைக் கொண்டுவந்து திரைக்கு முன் சுற்றிக் காட்டி எடுப்பார் (பார்க்கிறவருக்குத் திருஷ்டி சுற்றுவது போலத்தான் இருந்திருக்கும்). பிறகு அந்தச் சுருளைக் குழாயைச் சுற்றி உள்ளேயே வைத்துவிட்டார்கள். மாறுமின்னோட்டம் பலமாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைந்து, தகட்டின் காந்தத்தைக் கலைத்துவிடும். அந்த 'டொய்ங்' அதுதான்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், முதலில் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள். கறை காந்தத்தால்தான் வரும், ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. படம் அலையலையாக நெளிந்தால் யுபிஎஸ்ஸையோ ஸ்டெபிலைசரையோ நகர்த்திப் பாருங்கள். டீகாஸ் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பயனில்லை. உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் ஆற அரை மணி நேரமாவது விட வேண்டும். மானிட்டரை வேறு திசைக்குத் திருப்பினால் பூமியின் காந்தப்புலமே மறுபடி வேலையைக் காட்டும், மறுபடி அழுத்த வேண்டும். கீழே விழுந்து தகடே நெளிந்திருந்தால் மட்டும் எந்தப் பட்டனும் உதவாது.

மாமாவின் மானிட்டரில் மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊதாவும் போய்விட்டது. சுவரில் அது இருந்த பழைய இடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் வைத்த அடையாளம் இன்னும் இருக்கிறது.