வட்ட ரம்பமும் ஒரு மெல்லிய தகடும்

மேலொருவர் கீழொருவராக நின்று வாளிழுத்து மரம் அறுத்த காலத்தை முடித்து வைத்தது வட்ட ரம்பம். 1777இல் இங்கிலாந்தின் சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் அதைக் காண்கிறோம். முந்திரியும் தைலமரமும் நிற்கும் நம் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து மரப்பட்டறைக்கும் அது வந்து சேர்ந்தது.

அறுபட்ட மரம் மீண்டும் நெருங்கி ரம்பத்தை இறுக்கினால், பின்புறம் மேலெழும் பற்கள் பலகையை அறுப்பவர் மீதே எறிந்துவிடும். பிளவைத் திறந்து வைக்க ரம்பத்தின் பின்னே ஒரு மெல்லிய தகடு வேண்டும். மழுங்கிய பல்லும் படிந்த பிசினும் இதே ஆபத்தை வளர்ப்பவை. அரம் போடுவதைத் தள்ளிப்போடுவது சிக்கனமே அல்ல என்போம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்குத் தடுப்பு கேட்டது. ஆனால் மின்விசையோடு 10 பேராவது உழைத்தால்தான் அது தொழிற்சாலை. 2020இன் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. பட்டறையில் நிற்பவர்களோ மூன்று பேர்.