சட்டம் மாறியது, கல்லீரல் மாறவில்லை

நடுவர் அவர்களே! 'குடிகாரனைத் திருத்துவது சட்டமா, குடும்பமா?' என்பது தலைப்பு. எனக்குக் குடும்ப அணி. வீட்டிலே வாய் திறக்க முடியாத ஆளைப் பார்த்து நீங்கள் இந்த அணியைக் கொடுத்திருக்கிறீர்கள்!

சட்டம், சட்டம் என்று எதிரணி நண்பர் முழங்கினாரே, அந்தச் சட்டத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போமா? 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தை மூட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் நம்ம தஞ்சை உட்பட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் கலைஞர் ஆட்சியில் கதவு திறந்தது, 1974-இல் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது. திறப்பதும் மூடுவதும், இது என்ன, கல்லணை மதகா?

இன்னொரு நண்பர், "சங்க காலத்திலேயே கள் உண்டு, அதியமான் அவ்வைக்கே கொடுத்தான்" என்றார். தமிழ் வாத்தியாரிடமே சங்க இலக்கியமா? கொடுத்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நாலைந்து பங்குதான். இன்றைய பிராந்தி பாட்டிலில் 42.8! அந்தக் கள்ளுக்கே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார், தொண்ணூற்று மூன்றாவது. இந்த பாட்டிலைப் பார்த்திருந்தால் எத்தனை ஒதுக்கியிருப்பாரோ!

ஒரு குவாட்டர், 180 மில்லி. அதில் சுத்தச் சாராயம் அறுபது கிராமுக்கு மேல். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும் சரி, எலுமிச்சம்பழம் கடித்தாலும் சரி, அது அவசரப்படாது. கணக்குப் போடுங்கள்: ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்தவன் விடியற்காலை நாலு மணிக்குக் காய்கறி ஏற்ற வண்டியை எடுத்தால், இன்னும் போதையிலேதான் எடுக்கிறான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆனால் 'நாம் நிதானத்தில் இல்லை' என்று சொல்ல வேண்டிய மூளைப் பகுதிதான் முதலில் மயங்குகிறது. அப்புறம் யார் சொல்வது? தஞ்சையிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். வளைவிலே கை நடுங்கினால் ஆறு வழிவிடுமா?

குடும்பத்துக்கு வருகிறேன். குடும்பமும் தவறு செய்யும், நடுவர் அவர்களே. என் அணிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

1991-இல் மலிவு விலை மதுக்கடைகளை அரசு மூடியது. நான் அப்போது எம்.ஏ. மாணவன். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என் தாய்மாமா, இருபது வருஷக் குடி. கடையும் இல்லை, பாட்டில் வாங்கக் காசும் இல்லை. "இதுதான் நேரம்"னு எங்கம்மா கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கையில் கயிறு கட்டினார்கள். மாமா சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு சொட்டு தொடவில்லை. மறுநாள் கை உதறல், ராத்திரியே வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊருதுன்னு கத்தினார். "காத்து கருப்பு"ன்னு உடுக்கை அடித்தார்கள். துள்ளுகிற கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். நாலாம் நாள் மாமா இல்லை.

அது என்ன என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. மது மூளைக்கு பிரேக். தினமும் பிரேக்கை அழுத்தினால், மூளை ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரை மிதித்தே பழகிவிடும். திடீரென்று பிரேக்கை எடுத்தால்? வண்டி தலைதெறிக்க ஓடும். அதுதான் உதறல், வலிப்பு, பிதற்றல். படுக்கையில் சேர்த்து, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து, தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நெல் விளைகிற ஊரிலே தவிட்டில் இருக்கிற அதே சத்து!

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து நாடு முழுக்கக் கடை மூடியபோது இதே கதை பல வீடுகளில் நடந்தது. பக்கத்துக் கேரளத்தில், மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அப்போது எங்கள் தெருவிலே ஒருவருக்கு உதறல் கண்டதும், அவர் மனைவி "என்ன சார் செய்ய?" என்று ஓடிவந்தார். கயிறு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். போனார்கள். பத்து நாளில் நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

திண்ணையிலிருந்து அதைப் பார்த்த எங்கம்மா என்னிடம் காரணம் கேட்டார்கள். பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்கள்: "அப்போ அந்தக் கயிறு… நான்தானே தம்பி கட்டுனேன்?"