சாங்கி: ஓடுதளத்தின் அடியில் ஒரு வரலாறு

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடையில் மண்டபங்களையும் தீர்த்தக் குளங்களையும் காண்பர். வழிநடப்போருக்கு நிழலும் நீரும் தருவதை அறமெனக் கொண்ட மரபு நம்முடையது. அந்தக் கண்ணோடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துள் நுழைந்தால் நமக்கு வியப்பே மிகுகிறது. மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம். கால் நீட்டி இளைப்பாற இருக்கைகள். 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவி. 217 அடி உயரமுள்ள நம் ராஜகோபுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அது!

ஆயினும் இந்நிலத்தின் கதை இன்பமயமானதன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1943இல் சாங்கியில் ஓடுதளம் அமைக்கத் தொடங்கிய அவர்கள், சிறைப்பட்ட நேச நாட்டுப் படைவீரர்களையே அவ்வேலையில் ஈடுபடுத்தினர். போர் முடிந்தபின் காட்சி தலைகீழாயிற்று. பிரிட்டிஷ் விமானப்படைக்காக அதே ஓடுதளத்தைச் செப்பனிட்டவர்கள் ஜப்பானியக் கைதிகள்! பாய லேபார் விமான நிலையத்தில் நெரிசல் பெருக, 1975இல் சிங்கப்பூர் அரசு சாங்கியைத் தேர்ந்தது; கடலைத் தூர்த்தும் நிலம் பெற்று, 1981இல் புதிய நிலையத்தைத் திறந்தது.

நம் கோயில் கல்வெட்டுகள் கொடையளித்தோர் பெயரைச் சொல்லும். கல் சுமந்தோர் பெயரைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சாங்கிக் கைதிகளுக்கோ, விமான நிலையத்துக்கு வெளியே ஓர் அருங்காட்சியகம் உண்டு. சிங்கப்பூருக்குச் செல்வோர் அருவியைக் கண்டு மகிழ்ந்தபின் அங்கும் ஒருமுறை சென்று வருதல் தகும். வசதிகளை நுகர்வது பயணம் எனில், அவை எழுந்த மண்ணை அறிவதும் பயணமே.