புத்தம் புதுக் காலை: ஊரடங்குக் காதல் கதைகளும் அவை பெற்ற விமர்சனமும்

புத்தம் புதுக் காலை என்பது கொரோனா ஊரடங்கைக் களமாகக் கொண்டு தமிழில் எடுக்கப்பட்ட ஐந்து குறும்படங்களின் தொகுப்பு. 2020 அக்டோபர் 16 அன்று அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் வெளியானது. சுதா கொங்கரா, கௌதம் வாசுதேவ் மேனன், சுஹாசினி மணிரத்னம், ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்புராஜ் ஆகிய ஐவரும் ஆளுக்கொரு படத்தை இயக்கினர். இதன் தொடர்ச்சியான ‘புத்தம் புதுக் காலை விடியாதா’ 2022 பொங்கலன்று வெளிவந்தது. அதில் இயக்குநர்கள் வேறு ஐவர்.

தலைப்பு இளையராஜா இசையில் எஸ். ஜானகி பாடிய பாடலிலிருந்து வந்தது. ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் இடம்பெற்ற அப்பாடல் படத்தில் வரவில்லை. திரையில் தோன்றாமல் வானொலி வழியே வீடுதோறும் போய்ச் சேர்ந்த பாட்டு அது. திரையரங்கைக் காணாமல் வீட்டுக்குள்ளேயே பார்க்கப்பட்ட ஒரு தொகுப்புக்கு இப்பெயர் அமைந்தது பொருத்தம்தான்.

பின்னணி

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டது. திரையரங்குகள் மூடப்பட்டன. சின்னத்திரைப் படப்பிடிப்புகளும் நின்றதால் தொலைக்காட்சிகள் பழைய தொடர்களைத் தூசு தட்டி மீண்டும் ஒளிபரப்பின. தூர்தர்ஷனில் ராமாயணம் மார்ச் 28 முதல் மறுபடி வந்தது. மே மாத இறுதியில் அதிகபட்சம் 60 பேருடன் தொடர்களின் படப்பிடிப்பை நடத்தத் தமிழக அரசு அனுமதித்தது. தமிழகத்தில் திரையரங்குகள் திறக்க நவம்பர் 10 ஆயிற்று.

இந்த இடைவெளியில் ஊரடங்கையே கதையாக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்று, கௌதம் மேனனின் ‘கார்த்திக் டயல் செய்த எண்’. 2010இல் வந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ நாயகனும் நாயகியும் பத்தாண்டு கழித்துத் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் 12 நிமிடக் குறும்படம் இது. 2020 மே மாதம் யூடியூபில் வெளியானது. சிம்புவும் திரிஷாவும் அவரவர் வீட்டிலேயே ஐபோனில் நடித்து அனுப்பினர். இரசிகர்கள் உருகினர். மறுபக்கம், மணமாகிப் பிள்ளைகளோடு இருப்பவளை அழைத்து ஆறுதல் தேடும் நாயகனை ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. அவனைத் தன் மூன்றாவது பிள்ளையாகக் கருதுவதாக அவள் சொல்லும் இடம் கேலிப் படங்களாகச் சுற்றி வந்தது. ஊரடங்குக் காதல் கதைக்கு இருவகை வரவேற்பு உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் தொகுப்பின் வரவேற்பு

ஐந்தில் பெரிதும் பாராட்டப்பட்டது சுதா கொங்கராவின் ‘இளமை இதோ இதோ’. துணையை இழந்த ஆணும் பெண்ணும், பழைய சிநேகிதர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல் சந்திக்கிறார்கள். ஊரடங்கு வந்து ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெயராமும் ஊர்வசியும் நடித்த இவ்விருவரும், தனித்திருக்கும்போது மட்டும் காளிதாஸ் ஜெயராமாகவும் கல்யாணி பிரியதர்ஷனாகவும் மாறித் தெரிவார்கள். தந்தையின் இளமைத் தோற்றத்தில் மகனையே நடிக்க வைத்த உத்தியை விமர்சகர்கள் இரசித்தனர். முதியோர் காதலைக் கேலிப் பொருளாகவோ தியாகக் கதையாகவோ மட்டும் காட்டிப் பழகிய தமிழ்த் திரையில், வெட்கமும் சண்டையும் சமரசமுமாக அதைக் காட்டியது சிறிய சாதனை அன்று. கௌதம் மேனனின் ‘அவரும் நானும் அவளும் நானும்’ படத்தில் பேத்தியிடம் மனம் திறக்கும் தாத்தாவாக எம். எஸ். பாஸ்கரின் நடிப்பும் பேசப்பட்டது. ‘காஃபி எனிஒன்?’, ‘ரீயூனியன்’ இரண்டுக்கும் அத்தகைய வரவேற்பு இல்லை.

தொகுப்பின் மீது வைக்கப்பட்ட கடுமையான குற்றச்சாட்டு வேறு. இதில் வரும் வீடுகள் விசாலமானவை. தோட்டமும் பியானோவும் நல்ல இணைய வசதியும் உள்ளவர்களுக்கு ஊரடங்கு என்பது உறவுகளைச் சரிசெய்துகொள்ளக் கிடைத்த விடுமுறை. கூலி போனவர்களும் நடந்தே ஊர் திரும்பியவர்களும் இதில் எங்கே என்று கேட்டனர். காசில்லாத இரு திருடர்களைப் பற்றிய கார்த்திக் சுப்புராஜின் ‘மிராக்கிள்’ மட்டுமே இதற்கு விலக்கு. குறைந்த ஆட்களோடும் கருவிகளோடும், விதிமுறைகளுக்கு உட்பட்டு, மூடிய இடங்களில் எடுத்ததால் களம் சுருங்கியது என்பது ஒரு சமாதானம். அது பாதி நியாயம்தான். மூடிய இடம் பங்களாவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால் இக்குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். 2020 மே மாதம் மகாராஷ்டிரத்திலிருந்து ஏராளமானோர் திருநெல்வேலி மாவட்டத்துக்குத் திரும்பினர். மதுரை நெடுஞ்சாலையில் மாவட்டத்தின் வடக்கு வாசலாக உள்ள கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் அவர்கள் நிறுத்தப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். முடிவு வரும்வரை முகாம்களில் காத்திருந்தனர். சொந்த ஊர் பதினைந்து கிலோமீட்டரில் இருக்க, போக முடியாமல் நின்றவர்களிடம் காதலும் பிரிவும் இல்லாமலா இருந்திருக்கும்? அந்தக் கதை முதல் தொகுப்பில் இல்லை.

இரண்டாம் தொகுப்பு

‘விடியாதா’ தொகுப்பு இக்குறையைக் கவனத்தில் கொண்டது போலவே தெரிகிறது. ஹலிதா ஷமீமின் ‘லோனர்ஸ்’ இணையவழித் திருமணத்தில் அறிமுகமாகும் இருவரைப் பற்றியது. லிஜோமோள் ஜோஸ், அர்ஜுன் தாஸ் நடித்தனர். மதுமிதாவின் ‘மௌனமே பார்வையாய்’ ஒரே வீட்டில் பேசாமல் வாழும் கணவன் மனைவியைக் காட்டியது. நதியாவும் ஜோஜு ஜார்ஜும் வசனம் அதிகமின்றி நடித்த இப்படம் நன்மதிப்பைப் பெற்றது. நோய் பற்றிய அச்சம் வந்த பிறகே அவ்வீட்டில் மௌனம் உடைகிறது. ஊரடங்கு இங்கே வெறும் பின்புலமாக நிற்காமல் கதையையே நகர்த்துகிறது. சூர்யா கிருஷ்ணாவின் ‘தி மாஸ்க்’ தன்பாலீர்ப்பாளர் ஒருவர் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவதைக் கதையாக்கியது.

பாலாஜி மோகனின் ‘முகக்கவச முத்தம்’ கதையில் கௌரி கிஷனும் டீஜேயும் ஊரடங்குச் சோதனைச் சாவடியில் பணியாற்றும் காவலர்கள். ஒருவழியாகக் கதை வீட்டை விட்டுச் சாலைக்கு வந்தது. இலகுவான, இனிமையான படம். ஆனால் தென்மாவட்டப் பார்வையாளருக்கு அவ்வளவு இலகுவாக இருந்திருக்க வழியில்லை. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளம் வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்டு, சில நாட்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. விசாரணை பின்னர் சி.பி.ஐ.யிடம் சென்றது. காக்கிச் சட்டைக்குள்ளும் காதல் உண்டு என்று காட்டுவது தவறல்ல. அதே ஊரடங்கில் அதே காக்கி என்ன செய்தது என்ற நினைவின் சிறு நிழல்கூடப் படத்தில் விழவில்லை என்பதைச் சுட்டாமல் இருக்க முடியாது.

இதே நிறுவனம் 2020 டிசம்பரில் இந்தியில் ‘அன்பாஸ்ட்’ என்ற ஊரடங்குத் தொகுப்பை வெளியிட்டது. அதற்கும் 2022 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தது.