ஒப்பந்தமும் மக்களும் – 9: பயம் விதைத்த குறிப்பாணை

சியாட்டில் போராட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே மக்களுக்குத் தெருதான் கிடைத்தது. கோஸ்டா ரிகா மக்களுக்கு வாக்குச்சீட்டு கிடைத்தது.

1948-இல் ராணுவத்தையே கலைத்த நாடு அது. மறு ஆண்டு பிறந்த அரசு மின் நிறுவனம், பிற்பாடு தொலைபேசியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. ‘ஈசே’ என்று மக்கள் சுருக்கிச் சொல்வார்கள். 2000-இல் அதைத் தனியாருக்குத் திறந்துவிட அரசு முயன்றபோது மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் விவசாயிகளும் சாலைகளை மறித்து அந்த முயற்சியை நிறுத்தினார்கள்.

அன்று வாசலில் தடுத்தது, அமெரிக்காவுடன் 2004-இல் கையெழுத்தான மத்திய அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் ஷரத்துகளுக்குள் மறுபடி வந்தது. செல்பேசி, இணையம், காப்பீடு ஆகியவற்றில் அரசின் ஏகபோகம் போக வேண்டும். நம்மைப் போலவே அரிசிச் சோறு உண்பவர்கள் அவர்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்குமே என்று நெல் விவசாயிகள் கலங்கினார்கள்.

ஒப்பந்தத்தை ஆதரித்த ஓஸ்கார் அரியாஸ், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், 2006-இல் சுமார் 18,000 வாக்கு வித்தியாசத்தில்தான் அதிபரானார். எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் 2007 அக்டோபர் 7 அன்று பொதுவாக்கெடுப்பு என்று முடிவானது. அந்நாட்டு வரலாற்றிலேயே முதல் பொதுவாக்கெடுப்பு. ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர்கள்தோறும் ‘தேசபக்தக் குழுக்கள்’ முளைத்தன. பணமும் பெரிய ஊடகங்களும் எதிர்த்தரப்பில் இருக்க, இவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

செப்டம்பரில் ஒரு குறிப்பாணை வெளியே கசிந்தது. அதிபருக்கும் அவர் சகோதரருக்கும் துணை அதிபர் கெவின் காசாஸும் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவரும் எழுதியது. வேலை போய்விடும் என்ற பயத்தை மக்களிடம் கிளப்புங்கள். வெனிசுலாவின் சாவேஸ், கியூபாவின் காஸ்ட்ரோ பெயரைச் சொல்லி அச்சுறுத்துங்கள். தங்கள் பகுதியில் வெற்றி தேடித் தராத மேயர்களுக்கு அரசுப் பணம் கிடைக்காது என்று எச்சரியுங்கள் என்றது அது. நாடு கொதித்தது. காசாஸ் பதவி விலகினார். செப்டம்பர் 30 அன்று தலைநகர் சான் ஹோசேயில் மக்கள் வெள்ளமாகத் திரண்டு ‘வேண்டாம்’ என்றார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வெள்ளை மாளிகையே அறிக்கை விட்டது: நிராகரித்தால் மறுபேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

ஆதரவு சுமார் 51.6 சதவீதம், எதிர்ப்பு 48.4. வித்தியாசம் 50,000 வாக்குகள்கூட இல்லை. 2009 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் அங்கே நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அது வெற்றிதான். ஆனால் அப்படி அச்சுறுத்தி வாங்கிய வாக்கை மக்களின் சம்மதம் என்று என்னால் எழுத முடியாது.