பிணையச் சேமிப்பகத்தின் கோப்பு முறைமை

ஒரு நிறுவனத்தின் கணினிகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் வட்டுப்பெட்டியே நாஸ் எனப்படும் பிணையச் சேமிப்பகம். அதில் தரவை எப்படி எழுதுவது, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வகுப்பது கோப்பு முறைமை. நூல்களை மின்னுருவாக்கிப் பாதுகாக்கும் இடங்களில் இந்தத் தேர்வே சேகரிப்பின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

புதுக்கோட்டையில் தேவை

1910இல் தொடங்கிய அருங்காட்சியகமும், பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி இணையர் வளர்த்த ஞானாலயா நூலகமும் புதுக்கோட்டையின் செல்வங்கள். ஞானாலயாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. முதற்பதிப்புகளுக்கு அது பெயர் பெற்றது. இத்தகைய சேகரிப்பை வருடிச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணப்படமாக, சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி. 400 பக்க நூலுக்கு 10 ஜிபியைத் தாண்டும்; ஆயிரம் நூலுக்கு 10 டிபி.

முதன்மை முறைமைகள்

லினக்ஸில் 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 எளிமையானது, நம்பகமானது. 1990களில் சிலிக்கான் கிராபிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் பெரிய கோப்புகளுக்கு ஏற்றது. ஆனால் படத்தின் ஒரு பிட் வட்டிலேயே பிறழ்ந்துபோனால், இவ்விரண்டும் அதை அறியாமலே எடுத்துக் கொடுத்துவிடும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறந்த மூலமாக வெளியிட்ட இசட்எஃப்எஸ், ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கிறது. படிக்கும்போது தொகை பொருந்தாவிட்டால், இணை வட்டிலுள்ள நல்ல படியைக் கொண்டு பழுதைச் சரிசெய்யும். ஒற்றை வட்டாக இருந்தால் பழுதைச் சொல்லும், சரிசெய்யாது. 2009இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இவ்வசதி உண்டு. ஆனால் பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் அதன் ரெய்டு 5, 6 வகைகளை முக்கியத் தரவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் பழைய தரவின் மேல் எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை மாற்றுகின்றன. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் முந்தைய நிலை குலையாது.

தமிழ்ப் பெயர்கள்

கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கோ’ என்ற ஓரெழுத்தே இரு குறியீடு, 6 பைட். எனவே 85 குறியீடுகளுக்குள் பெயர் முடிய வேண்டும். பழைய நூல்களின் நீண்ட தலைப்புகள் இதில் அடங்காமல் போகலாம்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘புதுக்கோட்டை’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் பெயர் 36 பைட், இரண்டாவதில் 39. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைக்கும். ஒரே குறியீட்டு வடிவில் அதே பெயருள்ள உறை ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அங்கிருந்து நகலெடுத்தால், திரையில் ஒரே பெயருடன் இரண்டு உறைகள் நிற்கலாம். தேடலில் ஒன்று அகப்படாமல் போகலாம். இசட்எஃப்எஸ்ஸில் இயல்பாக்கத்தை, அதாவது பெயர்களை ஒரே வடிவாக்கி ஒப்பிடும் வசதியை, அமைத்தால் இரண்டும் ஒன்றாகவே கருதப்படும். ஆனால் தரவுத்தொகுதியை உருவாக்கும்போதே அதை அமைக்க வேண்டும்; பிறகு மாற்ற முடியாது.

தேர்வு

நூல் சேகரிப்புக்கு, இணை வட்டுகளும் மின்தடையின்போது மின்சாரம் தரும் யுபிஎஸ்ஸும் கொண்ட இசட்எஃப்எஸ் பொருத்தமானது. மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பு ஓட்ட வேண்டும். ஆயினும் எந்த முறைமையும் காப்புப்படிக்கு ஈடாகாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. இத்தகைய பேரிடர் ஓர் ஊரையே தாக்கும் என்பதால், இன்னொரு படி வேறோர் ஊரில் இருந்தாக வேண்டும்.