லயத்துக்கு வந்த விருந்தினர்

ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் ஓர் அஞ்சடி. இதுதான் அந்நாளைய தோட்டத்து லயம். இதற்குள் நம் பெரியோர் ஊரிலிருந்து வந்த உறவினரை எப்படி வைத்துப் போற்றினர்?

1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் இங்கு வருவதைத் தடுத்தது. பின்னர் போர் மூண்டது. கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. போர் முடிந்த பிறகே அண்ணனைக் காணத் தம்பியும், மகளைக் காணத் தாயும் கடல் கடந்து வந்தனர். அவர்களைச் சுமந்து வந்த கப்பல்களுள் புகழ்பெற்றது ‘ரஜூலா’. 1926-இல் கட்டப்பட்ட அது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது.

விருந்தாளிக்கு அறை, வீட்டாருக்கு அஞ்சடி. பக்கத்து வீட்டுப் பாயும் தலையணையும் வந்து சேரும். ஊரிலிருந்து முறுக்கும், கோயில் திருநீறும் வரும். திரும்பும்போது கோடாலித் தைலமும் துணிமணியும் போகும். அதற்காகக் கடன் பட்டவர்களும் உண்டு. பட்ட கடனை விருந்தாளியிடம் சொல்லவில்லை. அதனால்தான் மலாயாவில் பணம் காய்க்கிறது என்று ஊரார் நம்பினர். நம் உழைப்பின் வருத்தத்தை அவர்கள் அறியவில்லை.

‘ரஜூலா’வுக்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் கடலில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் வழி அடைபட்டது. விமானக் கட்டணம் இல்லாத குடும்பங்களில் உறவும் மெல்ல அறுந்தது.

உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்றே கேளுங்கள்: எந்த ஊர், யார் வந்தார்கள், எந்தக் கப்பலில்? கேட்டதை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள்.